பத்து வயதில் ஒரே விளையாட்டு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையை அகாடமியில் சேர்த்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. "நல்லா வர்றான், மத்ததை எல்லாம் நிறுத்திட்டு இதுல மட்டும் விடுங்க" என்று கோச் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான விளையாட்டுகளில் 14, 15 வயதுக்கு முன்னால் அந்த முடிவை எடுக்க அவசரமே இல்லை. சீக்கிரம் எடுத்தால் லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம்.

வாரத்துக்கு நான்கு நாள் பேட்மின்டன் போகிறாள். இதுவே "ஒரே விளையாட்டில் இறங்கிவிட்டாள்" என்று ஆகிவிடுமா?

நாள் கணக்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விளையாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். பிள்ளைக்கு "இதுதான் என் விளையாட்டு" என்று ஒன்று இருக்கிறதா? அதற்காக மற்ற விளையாட்டுகளை விட்டாயிற்றா? வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் அதே பயிற்சிதானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் முழுதாக இறங்கியாயிற்று.

மூன்றாவது கேள்வியில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் எளிதாக மாட்டிக்கொள்கிறார்கள். குளிர் நாடுகளில் பனி விழுந்தால் மைதானம் மூடிவிடும், பிள்ளை வேறு விளையாட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே மழை பலமாக இருக்கும் சில வாரங்களைத் தவிர ஆண்டு முழுக்க நெட்ஸ் நடக்கும். பள்ளி விடுமுறையில் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், மே மாத வெயிலில் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று கோடைக்காலப் பயிற்சி முகாம் வந்து நிற்கும்.

பையனுக்கு எட்டு வயது. இப்போதே முழுமூச்சாக விடாவிட்டால் மற்ற பிள்ளைகள் முந்திவிட மாட்டார்களா?

முந்துவார்கள். 10 வயது, 12 வயதுப் போட்டிகளில் நிச்சயம் முந்துவார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. ஒரே விஷயத்தை அதிக நேரம் செய்கிற பிள்ளை அந்த வயதில் அதைக் கூடுதல் நேர்த்தியாகச் செய்யும். ஆனால் அந்த முந்தல் 22 வயது வரை நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்னே குல்லிஷ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், அமெரிக்க உளவியலாளர்கள் இருவருடன் சேர்ந்து, 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பற்றிய முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். 2021-ல் முடிவு வெளிவந்தது. சிறுவர் போட்டிகளில் ஜொலித்தவர்கள் தங்கள் முக்கிய விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கியிருந்தார்கள். அதில் அதிகப் பயிற்சி செய்து வேகமாக முன்னேறியிருந்தார்கள். உலகத் தரத்துக்கு வந்த பெரியவர்களிடம் இது அப்படியே தலைகீழாக இருந்தது. தேசிய அளவோடு நின்றுபோனவர்களைவிட அவர்கள் தங்கள் விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே வளர்ந்திருந்தார்கள், சிறுவயதில் மற்ற விளையாட்டுகளில் அதிக நேரம் செலவழித்திருந்தார்கள்.

அதே குழு பின்னர் இன்னொரு கணக்கையும் பார்த்தது. 17, 18 வயதுப் பிரிவில் சர்வதேச அளவில் ஆடியவர்களில் சுமார் 89 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகு அந்த நிலையை எட்டவில்லை. பெரியவர்களில் சர்வதேச அளவில் ஆடுகிறவர்களில் 82 சதவீதம் பேர் அந்த இளம் வயதில் அந்த நிலையில் இல்லவே இல்லை. கிட்டத்தட்ட இரண்டும் வேறு வேறு கூட்டம். 12 வயதுப் பதக்கத்தை 22 வயதுப் பதக்கத்தின் முன்பணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த எண்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஏன் இப்படி? பல விளையாட்டு ஆடிய பிள்ளைக்குத் தனக்குப் பொருத்தமானது எது என்று கண்டுபிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. உடம்பு ஒரே அசைவில் தேய்வதில்லை. புதியதைக் கற்கும் திறனும் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோமைப் பாருங்கள். 2013-ல் உலக இளையோர் தடகளத்தில் அவர் தங்கம் வாங்கியது எட்டு போட்டிகள் சேர்ந்த ஆக்டத்லானில். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் செய்த பிள்ளை. பிறகுதான் 400 மீட்டர் தடை ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 45.94 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார்.

10,000 மணி நேரம் பயிற்சி செய்தால்தான் உச்சம் தொட முடியும் என்கிறார்களே? சீக்கிரம் தொடங்கினால்தானே அந்தக் கணக்கு வரும்?

அந்த எண்ணின் மூலம் பெர்லினில் வயலின் படித்த மாணவர்கள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி அது. சராசரி என்றால் பாதிப் பேர் அளவுக்கு அதற்குக் குறைவாகவே செய்திருப்பார்கள். அதை எல்லாத் துறைக்குமான விதியாக மாற்றியதை எரிக்சனே மறுத்தார். வளர்கிற முழங்காலையும் முதுகையும் வைத்து ஆடும் விளையாட்டுக்கு வயலின் கணக்கு எப்படிப் பொருந்தும்?

சரத் கமல்? வைபவ் சூரியவன்ஷி? அவர்கள் எல்லாம் சின்ன வயதிலேயே தொடங்கியவர்கள்தானே?

ஆமாம். டேபிள் டென்னிஸ் குடும்பத்தில் வளர்ந்த சரத் கமல் சிறுவயதிலேயே மட்டையைப் பிடித்தவர், ஐந்து ஒலிம்பிக்கில் ஆடினார். வைபவ் 2025 ஐபிஎல்லில் 14 வயதில் 35 பந்தில் சதம் அடித்தான். இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பாதையில் போய் 15 வயதில் முதுகு வலியோடு நின்றுபோனவர்களைப் பற்றி மட்டும் எந்தச் செய்தியும் வருவதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். கிரிக்கெட்டில் சுழற்பந்து வீசும் யுஸ்வேந்திர சாஹல், சிறுவயதில் இந்தியாவுக்காக உலக இளையோர் சதுரங்கம் ஆடியவர். ஆஷ்லி பார்டி டென்னிஸை விட்டுவிட்டு பிரிஸ்பேன் ஹீட் அணிக்கு கிரிக்கெட் ஆடினார், திரும்பி வந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், ஆஸ்திரேலிய ஓபன் மூன்றையும் வென்றார். ஒரே விளையாட்டுக்குள்ளேயும் இது நடக்கிறது. நம் அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், மிதவேகம் வீசியவர். காயத்துக்குப் பிறகுதான் சுழலுக்கு வந்தார், டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தார். வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பர், நடுவில் ஆர்க்கிடெக்சர் படித்தார், பிறகுதான் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். பத்து வயதில் "நீ பௌலர், நீ கீப்பர்" என்று முத்திரை குத்துவதும் ஒருவகையில் இதே அவசரம்தான்.

எந்த விளையாட்டிலும் சீக்கிரம் தொடங்கத் தேவையே இல்லையா?

சிலவற்றில் தேவை இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபிகர் ஸ்கேட்டிங், டைவிங் போன்றவற்றில் உடம்பு சிறியதாக, வளையும் தன்மையோடு இருக்கும்போதே கடினமான அசைவுகளைக் கற்க வேண்டியிருக்கிறது, உச்சமும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஆனால் அந்த உலகமே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நாடியா கொமனெச்சி 1976 மான்ட்ரியலில் முழு 10 வாங்கியபோது அவருக்கு வயது 14. இன்று அந்த வயதில் ஒரு பெண் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இறங்கவே முடியாது. 1997 முதல் 16 வயது ஆக வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பெரியவர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 2022-ல் முடிவெடுத்து 15-லிருந்து 17-க்கு உயர்த்தினார்கள். பெண்கள் டென்னிஸில் ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-ல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார், சில வருடங்களிலேயே களைத்துப்போய் விலகி நின்றார். அவரைப் போன்றவர்களின் கதைகளுக்குப் பிறகுதான் எந்த வயதில் எத்தனை போட்டி ஆடலாம் என்ற கட்டுப்பாடு அங்கே வந்தது. காப்ரியாட்டி திரும்பி வந்து மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்றார். எல்லோருக்கும் அப்படித் திரும்ப முடிவதில்லை.

கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, வாலிபால், கபடி, தடகளம் எதற்கும் இந்த விதிவிலக்கு பொருந்தாது.

உடம்புக்கு என்னதான் ஆகிறது? சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்டால் சீக்கிரம் ஆறிவிடுமே?

விழுந்து அடிபடுவது வேறு. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் செய்வதால் வரும் தேய்மானக் காயம் வேறு. நான் பயப்படுவது இரண்டாவதைப் பற்றி.

பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. சுற்றியுள்ள எலும்பைவிடவும் தசைநாரைவிடவும் அது பலவீனமானது. பெண்பிள்ளைகள் 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் திடீரென்று உயரும்போது எலும்பு முதலில் நீள்கிறது, தசையின் நீளமும் எலும்பின் கெட்டித்தன்மையும் பின்னால்தான் வந்து சேர்கின்றன. மாவட்டத் தேர்வு, மாநில முகாம் என்று பயிற்சி கூடுவதும் அதே வயதில்தான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது ஆஸ்குட் ஷ்லாட்டர். குதித்து ஓடும் பிள்ளைகளுக்கு வரும். குதிகாலில் வந்தால் செவர்ஸ். இரண்டும் ஓய்வு கொடுத்து, வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் சரியாகிவிடும். முதுகு விஷயம் அப்படி லேசில்லை. வேகப்பந்து வீசும் பையன்களுக்குக் கீழ்முதுகில் முள்ளெலும்பின் ஒரு மெல்லிய பகுதியில் கீறல் விழலாம். வலது கையில் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வலிக்கும், பின்னால் வளைந்தால் கூடும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்துச் சில மாதங்கள் பந்துவீச்சை நிறுத்தினால் கூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்ப்ரே அடித்துக்கொண்டு சீசன் முழுக்க வீசினால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்காகவே வேகப்பந்துவீச்சாளர்களுக்கு வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறது. 13 வயதுக்குட்பட்டவன் ஒரு ஸ்பெல்லில், அதாவது தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில், 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர், அவ்வளவுதான். நம் பையன்கள் காலையில் அகாடமியில் வீசுவார்கள், மாலையில் பள்ளி அணிக்கு வீசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம். மூன்று கோச்சும் தங்கள் கணக்கை மட்டும்தான் பார்ப்பார்கள். மொத்தக் கணக்கை வைத்திருக்க ஒரே ஆள் நீங்கள்தான். ஒரு நோட்டில் தினமும் எத்தனை பந்து என்று எழுதி வையுங்கள்.

எந்த வலிக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த வலிக்கும். அதோடு, ஒரே இடத்தைத் தொட்டால் சுருக்கென்று வலித்தால், இரவில் தூக்கத்தைக் கலைத்தால், நொண்டி நடந்தால், பந்து வீசும்போது கீழ்முதுகு வலித்தால், மூட்டு வீங்கினால் காத்திருக்க வேண்டாம். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று மைதானத்தில் யார் சொன்னாலும் அதை மருத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை போட்டு ஆட வைப்பது கூடவே கூடாது.

அப்படியானால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சரி?

சுலபமாக நினைவில் நிற்கும் வரம்பு ஒன்று உண்டு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 10 வயது என்றால் 10 மணி நேரம். நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் சிகாகோவில் தன் குழுவோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை வைத்து நடத்திய ஆய்வில், இந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான தேய்மானக் காயங்கள் அதிகம் என்று தெரிந்தது. கோச் வைத்து ஆடும் நேரம், தானாக விளையாடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினாலும் அதே ஆபத்துதான்.

தானாக விளையாடுவது என்றால் தெருவில் ஓடிப்பிடிப்பது, மொட்டைமாடியில் பந்து அடிப்பது, சைக்கிள், நொண்டி, கண்ணாமூச்சி எல்லாம்தான். அதை வெட்டி நேரம் என்று நினைத்து அங்கேயும் ஒரு கோச்சிங் வகுப்பைப் போட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரையில் வாரத்தில் ஒன்றிரண்டு நாளும் வருடத்தில் மொத்தம் மூன்று மாதமும் அந்த முக்கிய விளையாட்டிலிருந்து விலகல் என்று சொல்கிறது. ஒரேயடியாக மூன்று மாதம் வேண்டாம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் பள்ளி நாட்காட்டியில் முழு ஆண்டுத் தேர்வை ஒட்டி ஒரு மாதம், மழைக்காலத்தில் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வது முடியாத காரியமில்லை. அந்த மாதங்களில் சும்மா படுத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, நீச்சல் போகட்டும்.

மகளுக்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சாப்பாடு, மாதவிடாய் இரண்டும். பயிற்சிக்குத் தேவையான அளவு உணவு உள்ளே போகாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் பலவீனப்படலாம். 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலோ டாக்டரைப் பாருங்கள். "விளையாடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்" என்பது தவறான ஆறுதல். எடையைக் குறைக்கச் சொல்லி கோச் நேரடியாக மகளிடம் பேசினால், அந்தப் பேச்சை நீங்கள் இடையில் புகுந்து நிறுத்த வேண்டும்.

12 வயதுப் பிரிவில் மாவட்டத்திலேயே என் பையன்தான் முதல். இவ்வளவு திறமை இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும்?

முதலில் வாழ்த்துகள். அப்புறம், அவன் பிறந்த மாதத்தைப் பாருங்கள், அவன் உயரத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவைக் கணக்கிடத் தொடங்கும் தேதியை ஒட்டி அடுத்துப் பிறந்த பிள்ளை, அதே பிரிவின் கடைசியில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். 12 வயதில் ஒரு வருடம் பெரிய வித்தியாசம். அந்தத் தேதி ஜனவரி 1-ஆக இருக்கும் கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதை ராஜர் பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளர் 1985-லேயே காட்டினார். சீக்கிரம் பருவமடைந்த பையனுக்கும் இதே சாதகம் இருக்கும். 17 வயதில் மற்றவர்கள் வளர்ந்து வந்து சேரும்போது அந்தச் சாதகம் கரைந்துவிடும். அதுவரை பலத்தாலேயே ஜெயித்து வந்தவனுக்கு நுணுக்கம் கற்கும் கட்டாயமே வந்திருக்காது. அவனை ஒரு வயது மூத்தவர்களோடு பயிற்சி செய்ய விட்டுப் பாருங்கள், உண்மை நிலை தெரியும்.

இதே காரணத்துக்காக, 12 வயதில் கடைசியாக நிற்கும் ஒல்லிப் பையனையும் கைவிட்டுவிடாதீர்கள்.

நார்வேயைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, அங்கே என்ன செய்கிறார்கள்?

1987 முதல் குழந்தைகளின் விளையாட்டுக்கென்று தனி விதிகளே வைத்திருக்கிறார்கள். 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தரவரிசை, புள்ளிப் பட்டியல் கிடையாது. 13 ஆகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளைக்கே சொல் உண்டு. 55 லட்சம் பேர்தான் அந்த நாட்டில். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம், 2022-ல் 16 தங்கம், இரண்டு முறையும் பட்டியலில் முதலிடம். பணக்கார நாடு, பனி நாடு என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பிள்ளைகளை நிதானமாக விட்டால் நாடு பின்தங்கிவிடும் என்ற வாதத்தை இது உடைக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்க வேண்டும். ஒன்றில் உறுதியாக இருந்தால்தானே சான்றிதழ் வரும்?

நியாயமான கவலை, குறிப்பாகக் கட்டணம் கட்ட வசதியில்லாத குடும்பத்துக்கு. ஆனால் பொதுவாக எடைபோடப்படுவது உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஆடிய மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகள்தான். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பிலேயே மற்றதை நிறுத்த கோட்டா எந்தக் காரணமும் தருவதில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒன்றை முக்கியமாக எடுத்துக்கொண்டாலும் காலம் இருக்கிறது.

மற்றதை நிறுத்தச் சொல்லி கோச் வற்புறுத்துகிறார். எப்படிப் பதில் சொல்வது?

சண்டை வேண்டாம். "சார், பதினாலு வயசு வரைக்கும் வாரம் மூணு நாள்தான் அனுப்புறதா முடிவு பண்ணியிருக்கோம்" என்று மரியாதையாக, உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பல கோச்சுகள் ஏற்றுக்கொள்வார்கள். மாதக் கட்டணத்திலும் வயதுப்பிரிவுக் கோப்பையிலும் அகாடமி ஓடுகிறது என்பதால் அவர்களுக்கும் நெருக்கடி உண்டு. அதைச் சுமக்க வேண்டியது உங்கள் பிள்ளை அல்ல. ஏற்கவே மாட்டேன் என்றால் வேறு அகாடமி தேடுங்கள்.

இரண்டாவது விளையாட்டுக்கும் கட்டணம் கட்ட எங்களால் முடியாது. என்ன செய்வது?

கட்டணம் தேவையே இல்லை. பள்ளியில் பி.டி. மாஸ்டரிடம் சொல்லி தடகளத்திலோ கோ-கோவிலோ சேர்த்துவிடுங்கள். முதல் விளையாட்டு கையை அதிகம் கேட்டால் இரண்டாவது காலைக் கேட்பதாக இருக்கட்டும். பேட்மின்டன் ஆடுகிறவள் ஓடட்டும், வேகப்பந்து வீசுகிறவன் கால்பந்து ஆடட்டும், தனி விளையாட்டில் இருப்பவர்கள் ஓர் அணி விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளட்டும். கோ-கோவும் கபடியும் திசை மாற்றி ஓடுவதையும் சட்டென்று குனிந்து நிமிர்வதையும் கற்றுக்கொடுப்பதுபோல் காசு கொடுத்துச் சேரும் எந்த ஃபிட்னஸ் வகுப்பும் கற்றுக்கொடுக்காது என்பது என் கருத்து.

பிள்ளையே இந்த ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

ஆசையைத் தடுக்க வேண்டாம். நேரத்துக்கு மட்டும் வரம்பு வையுங்கள், ஓய்வு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அந்த வயதில் பிள்ளைக்குத் தன் உடம்பும் மனமும் ஓரளவு தெரிந்திருக்கும், வளர்ச்சியின் வேகமான கட்டமும் முடிந்திருக்கும். அப்போது அவனே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முழு மனதோடு பின்னால் நில்லுங்கள்.

ஆறு வருடமாக நீச்சல் மட்டும்தான். இப்போது 13 வயதில் போகவே பிடிக்கவில்லை என்கிறாள். சோம்பலா?

முதலில் வலி இருக்கிறதா என்று கேளுங்கள், நீச்சல் பிள்ளைகளுக்குத் தோள்பட்டை வலி சகஜம், அதைச் சொல்லப் பயப்படுவார்கள். தூக்கம், சாப்பாடு, மதிப்பெண், எரிச்சல் எல்லாம் மாறியிருக்கிறதா பாருங்கள். கோச்சோ உடன் பயில்பவர்களோ தவறாக நடந்துகொண்டார்களா என்பதையும் தனியாக, நிதானமாகக் கேட்க வேண்டும். எதுவும் இல்லை, களைத்துவிட்டாள் என்றால் ஒரு மாதம் நிறுத்துங்கள். அந்த ஒரு மாதத்தில் நீச்சல் பேச்சை வீட்டில் யாரும் எடுக்காதீர்கள், "இவ்வளவு செலவு பண்ணோமே" என்ற வார்த்தை வரவே கூடாது. மாதம் முடிந்ததும் அவளிடமே கேளுங்கள். திரும்பப் போகிறேன் என்றால் வாரம் மூன்று நாளில் தொடங்கட்டும். வாலிபால் போகிறேன் என்றால் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.